மதினி பேரில் ஒரு செடி

பிப்ரவரி 6, வெள்ளி
கன்னி: பொறுமை

இந்தத் தாளின் முன்பக்கத்தில் சாமி படமும் ராகுகாலமும் இருக்கும். நான் எழுதுவது பின்பக்கத்தில். இது போன வருசத்துத் தினசரி காலண்டர். எங்கள் வீட்டுக்காரர் தனுஷ்கோடி இங்கே சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறார். எழுத ஒரு நோட்டு வாங்கி வாருங்கள் என்றேன். விற்காமல் நின்ற காலண்டர் கட்டு ஒன்றைத் தூக்கி வந்து, "இந்தா, வருசம் பூரா எழுது" என்று போட்டுவிட்டார். கஞ்சம் என்று சொல்லக்கூடாது, சிக்கனம். தேதி சரியாக இருக்கிறது, கிழமைதான் இடறுகிறது. என் கன்னி ராசிக்குப் போட்ட பலனும் போன வருசத்தது. அது என்ன மீன் குழம்பா, கெட்டுப்போக?

எழுதச் சொன்னது பெனிட்டா டீச்சர். மதினிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பிள்ளை. மதினி என்றால் இவருடைய அக்கா தங்கபுஷ்பம். மதினியின் வீட்டுக்காரர் காலமான நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் நின்று உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டே எனக்குத் தலை நரைத்தது. அவருக்கு நரைக்கவில்லை, சாயம் பூசுகிறார்.

தைப்பொங்கல் கழிந்த வாரம், சீரகத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் சோர்ந்துவிட்டன. வார்த்தைகள் எல்லாம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டன. வாசலில் நின்ற ஒன்று மட்டும் தப்பித்தது. சீரகம். தண்ணீர் வேண்டுமென்றாலும் சீரகம், டிவியை அமத்து என்றாலும் சீரகம். கோபச் சீரகம், அலுப்புச் சீரகம், கொஞ்சல் சீரகம் எல்லாம் எனக்கு அத்துப்படி. அன்றைக்குக் கொத்தமல்லி விதை பொறுக்காமல் போனது நல்லது. அவ்வளவு நீள வார்த்தையை வைத்துக்கொண்டு மனுசி எப்படிச் சண்டை போடுவார்?

"அக்கா, தினமும் என்ன சாப்பிட்டாங்க, என்ன பேசினாங்க, என்ன ஆட்டம் ஆடினாங்கன்னு எழுதுங்க" என்றது பெனிட்டா.

"நான் அஞ்சாங்கிளாஸ்ல பாதியில எந்திரிச்சு வந்தவ."

"மீதிப் பாதிய இதுல முடிங்க" என்றது. வாயைப் பாருங்கள்.

சாப்பிட்டது: இட்லி. பேசியது: சீரகம்.

பிப்ரவரி 9, திங்கள்
கன்னி: குழப்பம்

பெனிட்டா படச்சீட்டு கொண்டு வந்தது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். மூளைக்கு நல்லதாம்.

முதல் படத்தில் மூன்று வெள்ளை உருண்டை, ஒன்றின் மேல் ஒன்று. மூக்கில் கேரட்.

"சீரகம்" என்றார் மதினி.

"திருஷ்டிப் பொம்மை" என்றேன் நான்.

"பனி மனுசன்" என்றது பெனிட்டா. சிவகாசியில் பனி விழுந்து, அதை உருட்டி, கேரட் விற்கிற விலையில் மூக்கும் வைப்பார்களாக்கும்.

அடுத்த படம், கத்தரிக்காயை இரண்டாகப் பிளந்து உள்ளே கோலிக்குண்டு வைத்ததுபோல் ஒன்று. அது ஏதோ வெளிநாட்டுப் பழமாம். அதற்கடுத்தது பெருச்சாளி என்றேன். அதுவும் இல்லையாம், ஆற்றில் அணை கட்டுகிற பிராணியாம்.

"இப்ப இதுல எனக்கும் மதினிக்கும் மார்க்கு எப்படி?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்க்கா. முட்டை."

மதினி என்னைப் பார்த்துக் கோணல் வாயில் ஒரு சிரிப்புச் சிரித்தார். தனக்குத் துணை கிடைத்த சந்தோசம். நான் எழுந்து போய் அகப்பை, விளக்குமாறு, இவருடைய கிழிந்த பனியன், எல்லாவற்றையும் கொண்டு வந்து பரப்பினேன். பெயர் சொல்ல வரவில்லை. ஆனால் "சோறு கிண்டுறது எது மதினி?" என்றால் அகப்பையைத் தொட்டார். "வீட்டுக்கு ஆகாதது எது?" என்றால் பனியனைத் தொட்டார். பெனிட்டா இனி வீட்டுச் சாமானையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது.

பிப்ரவரி 14, சனி
கன்னி: கலைநயம்

படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, திரும்ப ஒட்டவைத்துப் பார்க்கிற ஆட்டமும் நல்லதாம். "காலண்டரே வெட்டுறவர வீட்டுல வச்சுக்கிட்டுக் கடையில எதுக்கு வாங்கணும்" என்று இவரிடம் சொன்னேன். சொன்னது என் தப்பு.

முதலில் முருகன் படத்தை மிஷினில் வைத்தாராம். பட்டனை அமுக்கக் கை வரவில்லையாம். அடுத்து லட்சுமி. லட்சுமியை யார் வெட்டுவார்? அடுத்து ஒரு கொழுகொழுக் குழந்தை. "பச்சப்புள்ளயப் போயி" என்று அதையும் எடுத்து வைத்துவிட்டார். முதலாளி வந்து, "என்னய்யா, மிஷினுக்குப் படம் காட்டுறியா?" என்று கேட்ட பிறகு, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு மலை, ஏரி, ஓட்டு வீடு. அதை வெட்டிக்கொண்டு வந்தார்.

வெட்டினார் பாருங்கள் வெட்டு! தொழில்காரர் இல்லையா? ஒரு நூல் பிசகாமல் எல்லாம் ஒரே அளவுச் சதுரம். எந்தத் துண்டும் எந்த இடத்திலும் கச்சிதமாக உட்காருகிறது. வானம் ஏரிக்குக் கீழே உட்காருகிறது, மலை தலைகீழாக உட்காருகிறது.

"வளைச்சு வளைச்சுல்ல வெட்டணும்?"

"வளைச்சு வெட்டுனா என்னை வேலைய விட்டுத் தூக்கிருவாக" என்றார்.

நான் சேர்த்தபோது வீடு ஏரிக்குள் முழுகிவிட்டது. மதினி இடது கையால் ஒவ்வொரு துண்டாக நகர்த்தி வீட்டைக் கரையேற்றினார். அரை நாள் ஆனது. ஆனால் ஏற்றினார்.

பிப்ரவரி 22, ஞாயிறு
கன்னி: விருந்து

மதினியின் ஒரே மகன் ஜெயவேல் பெங்களூரிலிருந்து வந்துவிட்டுப் போனான். பெரிய செல்போன் மாதிரிப் பலகை ஒன்று கொண்டு வந்தான், டேப்லட். உள்ளே மூளைக்கான ஆட்டங்கள்.

"அத்தை, அம்மா தினமும் கொஞ்ச நேரம் ஆடினாப் போதும். நல்லா ஆடினா இந்தா, இந்தச் செடி வளரும். தப்பாப் போச்சுன்னாலும், ஆடாம விட்டாலும் வாடும். இதே செடியும், அம்மா எதைத் தொட்டாங்கங்கிறதும் என் போன்லயும் தெரியும்."

"தண்ணி யாரு ஊத்த?"

"விளையாடாதீங்க அத்தை."

"விளையாடத்தானப்பா கொண்டாந்திருக்க?"

சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான். "நம்ம அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வரைக்கும் பாப்பேன். செடி தேறலேன்னா அம்மாவ எங்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன். அங்க பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு. வீட்டுக்கே ஆள் போட்டுருவேன்."

"தாராளமா கூட்டிட்டுப் போ. நானும் கொஞ்ச காலம் என் இஷ்டத்துக்கு உப்புப் போட்டுப் பாக்குறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை.

அவருக்கு அந்த ஊர் ஆகாது. பேச்சு இருந்த காலத்தில் ஒரு தடவை போய்விட்டு, போன சூட்டில் திரும்பி வந்தார். பதினாலாவது மாடி. மகனும் மருமகளும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்களாம். "ஜன்னலத் திறந்தா மேகந்தான் நிக்குது. மேகத்தோடயா சண்டை போட?" என்றவர், வந்த அன்றைக்கே என் ரசத்தில் குறை சொல்ல ஆரம்பித்தார்.

போனால் எனக்கு நல்லதுதான். வீடு அமைதியாக இருக்கும்.

பிப்ரவரி 27, வெள்ளி
கன்னி: மௌனம்

செடியில் ஐந்து இலை. மதினி இடது கை விரலால்தான் தொடுகிறார். யோசித்து யோசித்து, பல்லி பூச்சி பிடிக்கிற மாதிரி. பார்க்கிற எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

சாயங்காலம் தாயம். வலது கையால்தான் தாயக்கட்டையை உருட்ட வேண்டும் என்பது பெனிட்டாவின் சட்டம். கட்டை உருளுவதில்லை, கையிலிருந்து நழுவி விழுகிறது. விழுந்தாலும் தாயமாக விழுகிறது. அந்தக் காலத்திலேயே கள்ளாட்டத்துக்குப் பேர் போனவர்.

இன்னொரு சட்டமும் போட்டிருக்கிறது பெனிட்டா. மதினி பேச வாய் திறந்தால் நான் முந்திக்கொண்டு சொல்லக் கூடாதாம். மனசுக்குள் பத்து எண்ணிக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமாம்.

"பயிற்சி அவுகளுக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தான்க்கா கஷ்டம்" என்றது.

இன்று நான் நாலு வரைக்கும் எண்ணினேன். பெரிய விசயம்.

மார்ச் 3, செவ்வாய்
கன்னி: உதவி

மதினிக்குக் காய்ச்சல். கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். பலகையில் செடி தலையைத் தொங்கப்போட ஆரம்பித்தது. ஒரு நாள் விட்டால் வாடும் என்று சொன்னானே.

ஒரு நாள்தானே என்று மதினிக்குப் பதில் நான் ஆடினேன். பச்சைப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம்தான். நாலு படம் வரும், கூட்டத்தில் சேராததைத் தொட வேண்டும். காக்கா, கிளி, கோழி, ஏரோப்ளேன். இதிலே என்ன யோசனை? கோழியைத் தொட்டேன். மற்ற மூன்றையும் குழம்பு வைக்க முடியாது. சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டது. அடுத்து குடை, தொப்பி, செருப்பு, பூசணிக்காய். செருப்பைத் தொட்டேன். அதைத்தானே வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது? அதற்கும் பெருக்கல் குறி.

மிஷினுக்குச் சமையலும் தெரியவில்லை, ஆசாரமும் தெரியவில்லை.

மற்றபடி நன்றாகத்தான் ஆடினேன்.

மார்ச் 4, புதன்

செடியில் இரண்டு இலை உதிர்ந்திருக்கிறது. வெயில் ஆரம்பித்துவிட்டது இல்லையா.

மார்ச் 8, ஞாயிறு
கன்னி: முயற்சி

உதிர்ந்ததை நாம்தான் துளிர்க்கவைக்க வேண்டும் என்று, மதினி மதியம் கண்ணயர்கிற நேரத்தில் பலகையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறேன். அவரிடம் கொடுத்தால் மெதுவாக ஆடுகிறார். பங்குனிப் பொங்கலோ நெருங்குகிறது. நான் மளமளவென்று தொட்டுவிடுகிறேன். "காய்ச்சல் இப்பத்தான விட்டிருக்கு, கண்ணுக்கு ஆகாது மதினி" என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பலகையைத் தேடிக் கையை நீட்டினார். காணாத மாதிரி காப்பி போடப் போய்விட்டேன்.

செடிக்கு இப்போது ஒரு இலை. அதுவும் மஞ்சள். கம்பெனிக் கோளாறாக இருக்கும்.

தாயத்தில் மதினி என் காயை அடுத்தடுத்து வெட்டினார். மூன்றாவது தடவை என் காயைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, வாயைக் குவித்து, தொண்டையைச் செருமி, "வெ... வெட்டு!" என்றார்.

நான் பத்து வரை எண்ணியிருந்தேன். எண்ணியதே மறந்துபோய், இவரைக் கூப்பிடத் தெருவுக்கே ஓடிவிட்டேன். இத்தனை வார்த்தை இருக்க, என் காயை வெட்டத்தான் முதலில் வாய் திறந்திருக்கிறது. நன்றி கெட்ட வாய்.

மார்ச் 12, வியாழன்
கன்னி: செய்தி

ஜெயவேல் போன் போட்டான். குரலே சரியில்லை.

"அத்தை, அம்மாவுக்குத் திரும்ப ஏதாச்சும் ஆச்சா? மறைக்காம சொல்லுங்க."

"நல்லாத்தான இருக்காக. இன்னிக்கு 'சோறு'ன்னாக, 'போ'ன்னாக. என்னையத்தான் போங்குறாக."

"செடி செத்துக்கிட்டு இருக்கு அத்தை. நாள் ஆக ஆக மோசமாகுது. மொதல்ல கரெக்டாச் சொன்னதெல்லாம் இப்பத் தப்பாத் தொடுறாங்க. டாக்டர்கிட்ட காட்டினேன், இது ரெண்டாவது அட்டாக்கோட அறிகுறியா இருக்கலாம்னு சொல்றார்."

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. "நெட்டு சரியில்லப்பா இங்க" என்றேன்.

மதுரையில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறான்.

மார்ச் 17, செவ்வாய்
கன்னி: அலைச்சல்

மதுரைக்குப் போய் வந்தோம். மதினியைக் குழாய்க்குள் விட்டு எடுத்தார்கள். வெளியே வரும்போது முகம் வெளுத்து, என் கையை விடவே இல்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "புதுசா ஒண்ணுமே இல்லையே. நல்லா தேறிட்டு வர்றாங்க. ஆனா ஆட்டத்துல மட்டும் ஏன் இவ்வளவு மோசம்?" என்று தலையைச் சொறிந்தார்.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் இவர் நின்றார், நர்ஸ் நின்றாள். "வெயில் காலம் டாக்டர்" என்றேன்.

திரும்பும்போது மதினிக்குப் பிடித்த ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். என் செலவில். அவ்வளவுதான் இன்றைக்கு.

மார்ச் 19, வியாழன்

ஸ்கேன் என்ன சொன்னாலும் செடி வாடுகிறதாம், பங்குனிப் பொங்கல் வரை ஜெயவேலால் காத்திருக்க முடியாதாம். சனிக்கிழமை இரவு வருகிறான். ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப்போகிறான்.

நல்லதுதான். மதினி கட்டிலை அந்த மூலையிலிருந்து எடுத்தால் தையல் மிஷினை வெளிச்சத்தில் போடலாம். டிவி முழுக்க எனக்குத்தான். ரசத்துக்கு மார்க்குப் போட ஆள் கிடையாது. இன்னும் என்னென்னவோ நல்லது இருக்கிறது, இப்போது ஞாபகம் வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி
கன்னி: வெளிச்சம்

மதினியின் பெட்டியை அடுக்கிவிட்டு, கடைசியாக ஒரு கை பார்ப்போம் என்று மதியம் பலகையோடு அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அதே காக்கா, கிளி, கோழி, ஏரோப்ளேன் வந்தது. போன தடவை கொழுப்புப் பிடித்துப் பெருக்கல் குறி போட்டதே, இந்தத் தடவை திருந்தியிருக்கும் என்று மறுபடி கோழியையே தொட்டேன்.

தலைக்கு மேலே மூச்சு கேட்டது. மதினி. சுவரைப் பிடித்து, காலை இழுத்து, கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் தனியாக நடந்து வந்திருக்கிறார். பலகையைப் பார்த்தார். செத்த செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இனி என்னத்தை மறைக்க?

"நீங்க போகக்கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தவள், "செடி வாடுதேன்னு பாவமாப் போச்சு மதினி" என்று முடித்தேன்.

மெல்ல என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே நாலு படமும் திரும்ப வந்தபோது இடது கையை நீட்டி ஏரோப்ளேனைத் தொட்டார். பச்சை வெளிச்சம் அடித்தது.

"அதெப்படி? ஏரோப்ளேன் பறக்கும், காக்கா பறக்கும், கிளி பறக்கும். கோழிதான பறக்காது?"

மதினி வாயைத் திறந்தார். நான் எண்ணினேன். ஒன்பதுக்கு வரும்போது வார்த்தை வந்து விழுந்தது.

"மக்கு."

மார்ச் 22, ஞாயிறு

இன்றைக்கு ராசிபலன் பார்க்கக்கூட நேரமில்லை.

வாசலில் கார். பெட்டி திண்டுக்கல் பூட்டோடு தயார். பெனிட்டாவும் வந்திருந்தது, அங்கே போய்க் காட்டுவதற்கு விவரம் எழுதிக் கொடுக்க. ஜெயவேல் அவன் அம்மாவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, "போலாமாம்மா?" என்றான்.

"ம்" என்றார் மதினி.

"இங்கயே இருக்கியாம்மா?"

"ம்."

பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆமாம், இல்லை இரண்டும் சில நேரம் ஒன்றாகக் கலந்துவிடும் என்றது பெனிட்டா. பிறகு அதுவாகவே, "சார், ஆட்டத்துல இவ்வளவு மோசமா போறதுக்குக் காரணமே தெரியல. எனக்கு முன்னாடி ஒரு தடவை ஆடச் சொல்லுங்களேன். பாத்துட்டு எழுதிடுறேன்" என்றது.

நான் அடுப்படிக்குக் காப்பி போடப் புறப்பட்டேன். என் முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள். மதினி. வலது கை! தாயக்கட்டையைப் பிடிக்கத் தடுமாறுகிற கை, என் சேலையை மட்டும் உடும்புப் பிடியாகப் பிடித்திருக்கிறது.

மதினி ஆடினார். பொறுமையாக, ஒவ்வொன்றாக. பச்சை, பச்சை, ஒரு சிவப்பு, மறுபடி பச்சை. மஞ்சள் தண்டிலிருந்து முளை கிளம்பி, இலை விட்டு, இன்னொரு இலை விட்டது. ஜெயவேல் தன் போனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப இத்தன நாளா ஆடினது யாரு?"

எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து சிரித்தார். பெனிட்டா என்னைப் பார்த்தது.

"சூட்டுல மிஷின் கோளாறு பண்ணும்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன்.

"அக்கா, நீங்க ஒரு தடவை ஆடுங்க."

பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு நான் போனதே இல்லை. அதையும் இன்று எழுதவைத்தார்கள். கூடத்தின் நடுவில், நாலு பேர் சுற்றி நிற்க. மாடு, ஆடு, நாய், நாற்காலி. நாற்காலி என்று தெரியும், ஆனால் நாய்தானே பால் கொடுக்காது... பெருக்கல் குறி. சோப்பு, சீப்பு, கண்ணாடி, மாம்பழம். சோப்பைத் தொட்டேன். கரைந்து போவது அது ஒன்றுதான். பெருக்கல் குறி. மதினி வளர்த்த இலைகள் ஒவ்வொன்றாக என் கண்முன்னால் உதிர்ந்தன.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்குத் தெரிஞ்ச விசயம். இதுக்கு மதுரை வரைக்கும் போய் ஸ்கேன் எடுத்தீங்களேப்பா" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. டிரைவர்கூட வாசலில் நின்று சிரித்தான். ஜெயவேல் சிரிக்கவில்லை.

"ஆபீஸ்ல உக்காந்து அந்தச் செடியவே பாத்துக்கிட்டு இருந்தேன் அத்தை. ஒவ்வொரு இலையா விழும்போது அம்மா போயிக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சேன். அப்பா போனப்பவும் நான் பக்கத்துல இல்ல. ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?"

எனக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும். எமன் வந்து கூப்பிட்டாலும் ஒரு கிண்டல் செய்துவிட்டுத்தான் கிளம்புவேன். இன்றைக்கு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. தொண்டைக்குள் இருக்கிறது, வெளியே வர வழி தெரியவில்லை. மதினிக்கு இரண்டு மாதமாக இப்படித்தான் இருந்திருக்கும்.

"சொல்லுங்க அத்தை" என்று ஜெயவேல் மறுபடி ஆரம்பித்தான். மதினி இடது கையைத் தூக்கி அவனை நிறுத்தினார். பேசாமல் இரு என்று விரலைக் காட்டிவிட்டு, எனக்காகக் காத்திருந்தார். அவரும் மனசுக்குள் எண்ணியிருப்பார். பத்து கடந்திருக்கும், இருபதும் கடந்திருக்கும். எனக்கு வரவே இல்லை.

கடைசியில் அவரே பேசினார். ஒவ்வொரு வார்த்தையாகக் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி.

"இது... மக்கு. தனியா... விட... முடியாது."

பிறகு மகனின் தாடையைத் தொட்டார். "நீ... வா. அடிக்கடி வா."

கார் மதியத்துக்கு மேல் ஒரு பெட்டிகூட ஏற்றாமல் போனது. மகன் அதில் போகவில்லை. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, அவன் அம்மாவோடு தாயம் ஆடினான். தோற்றான்.

மார்ச் 30, திங்கள்
கன்னி: வளர்ச்சி

ஜெயவேல் கிளம்புமுன் பலகையில் என் பேரிலும் ஒரு செடி நட்டுவிட்டுப் போயிருக்கிறான். "அம்மா, அத்தைய நீதான் பாத்துக்கணும்" என்று அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பார்கள், இங்கே ஆளைப் பார்த்துக்கொள்ள நோயாளி. மருமகளும் போனில், "அத்தை, இன்னிக்கு ஆடினீங்களா?" என்று என்னைத்தான் கேட்கிறாள். இவர் பிரஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். முதலாளி என் உடல்நிலையை விசாரித்தாராம்.

மதினி கண்டிப்பான வாத்தியார். காப்பி குடித்ததும் எதிரே உட்காரவைத்துவிடுகிறார். தப்பாகத் தொடப்போனால் இடது கையால் மண்டையில் குட்டு. பெனிட்டாவிடம் புகார் செய்தேன். "வலது கையால குட்டச் சொல்லுங்க, அதுக்கும் பயிற்சி ஆகும்" என்றது. நேற்றிலிருந்து வலது கை. வலிக்கவில்லை. அது வலிக்கிற நாளைக்கு ஜிகர்தண்டா வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எத்தனை குட்டு வாங்கினாலும் என் செடி ஒற்றை இலையோடுதான் நின்றது. "என் கையில செடி வராது மதினி, நான் வச்ச கறிவேப்பிலையும் பட்டுப்போச்சு" என்றேன். "சும்மா... ஆடு" என்றார்.

இன்று பங்குனிப் பொங்கலுக்கு முறுக்குச் சுட உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து பலகை பக்கமே போகவில்லை. கையெல்லாம் மாவு. சாயங்காலம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், என் செடியில் புதிதாக மூன்று இலை. பச்சைப் பசேல் என்று.

கட்டிலை எட்டிப் பார்த்தேன். மதினி சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையை இழுத்து மூடி, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அசந்து தூங்குகிறவருக்குத் தோள் அப்படியா குலுங்கும்?

நான் ஒன்றும் கேட்கவில்லை. போர்வைக்கு வெளியே தெரிந்த கையில் சூடாக ஒரு முறுக்கை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஜெயவேலிடமும் சொல்லப் போவதில்லை. அத்தைக்கு அறிவு வளர்கிறது என்று அந்தப் பிள்ளை கொஞ்ச நாள் சந்தோசமாக இருக்கட்டும்.